இக்காஸ்டில் தேன்சிட்டுக்குக் காத்திருந்தவர்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை பின்னேரம், நான் வேலையால் வந்து சோற்றை அடுப்பில் ஏற்றிய நேரத்தில் தொலைபேசி அடித்தது. அழைத்தவர் இங்கர் அம்மையார். டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் மரியதாஸ் அண்ணையின் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் டேனிஷ் மூதாட்டி. "மாரியுஸ் இறந்துவிட்டார்" என்றார். மரியதாஸ் என்ற பெயரை உச்சரிக்கச் சிரமப்பட்டு இந்த ஊரில் எல்லோரும் மாரியுஸ் என்றே கூப்பிட்டார்கள். அண்ணை அதற்கு மறுப்புச் சொன்னதில்லை. பெயரை விட்டுக்கொடுத்தால் குடும்பத்தைத் தருவார்கள் என்றால் அவர் இரண்டு கையாலும் கொடுத்திருப்பார்.

இங்கர் அம்மையார் ஒரு பூங்கன்று கொடுக்கப் போயிருக்கிறார். பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவால் பார்த்தபோது அண்ணை சோபாவில் சாய்ந்திருந்தாராம். காலை வேலை முடித்துக் களைத்துத் தூங்குகிறார் என்று எண்ணிக் கன்றை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோதும் அவர் அப்படியே இருந்தார். மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார். நாற்பத்து நான்கு வயது.

"உங்கள் தொலைபேசி எண்தான் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது" என்றார் அம்மையார். பிறகு, "அவருடைய மனைவிக்கு யார் சொல்வது?" என்று கேட்டார்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் விளங்கும். மனைவி ஸ்டெல்லா அக்காவும் மகள் அனிற்றாவும் அப்போது கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்தார்கள். இரண்டரை வருடம் இழுத்தடித்த குடும்ப இணைவு அனுமதி கையில் கிடைத்து, விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. அவர்கள் வந்து இறங்க இன்னும் பதினேழு நாள் இருந்தது.

அண்ணையையும் என்னையும் பழக்கப்படுத்தியது கடிதங்கள்தான். ஊரில் நான் இரண்டு வருடம் ஆசிரியராக இருந்தேன். அந்தக் குற்றத்துக்காக இங்கே எல்லோரும் என்னை மாஸ்டர் என்கிறார்கள். எனக்குப் பிறரைவிடக் கொஞ்சம் முன்னதாக டேனிஷ் எழுத வந்துவிட்டது. அதனால் இந்த வட்டாரத்துத் தமிழ் ஆண்கள் தங்கள் மனைவி பிள்ளைகளைத் தருமாறு அரசாங்கத்துக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பகுதி என் சமையலறை மேசையில் பிறந்தவை. என் எழுத்துகளிலேயே மிக அதிகமாக எழுதப்பட்டு மிகக் குறைவாக வாசிக்கப்பட்டவையும் அவைதான்.

மரியதாஸ் அண்ணை மாதத்துக்கு ஒருமுறை வருவார். மன்னார்க்காரர். பின்னலாடைத் தொழிற்சாலையில் சாயப் பகுதியில் வேலை. விரல் நுனிகளில் அந்த வாரத்து நிறம் இருக்கும். "இந்தக் கிழமை பச்சையோ அண்ணை?" என்று கேட்டால், "பச்சை இல்லை மாஸ்டர், நானூற்றிப் பன்னிரண்டு" என்பார். அவருக்கு நிறங்கள் எண்களாகத்தான் தெரியும். தொட்டியில் ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் ஆயிரம் மீற்றர் துணி வீண். அளவு சரியாக இருந்தால் விளைவும் சரியாக வரும் என்பது அவருடைய சமயத்தில் இன்னொரு பிரிவு.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் அவருக்கு ஓர் அளவு இருந்தது.

"முதல்ல நன்றி சொல்லுங்கோ மாஸ்டர்."

"என்னத்துக்கு அண்ணை நன்றி? ஒண்டும் செய்யேல்லையே அவங்கள்."

"இனிச் செய்யப் போறதுக்கு. ஆத்திரப்படுறவனை ஆர் வீட்டுக்குள்ள கூப்பிடுவினம்?"

ஆகவே நன்றியோடு தொடங்குவோம். பதிலும் வரும். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து. மாதம் மாறும், கையெழுத்து மாறும், வரி மாறாது. இலக்கியத்தில் இத்தனை உறுதியான நடையை நான் கண்டதில்லை.

குடும்பம் வருவதற்கு இடவசதி காட்ட வேண்டும் என்பதற்காக அண்ணை ஒற்றை ஆளாக மூன்று அறை வீடு ஒன்றை எடுத்திருந்தார். நிலத்தளம். பின்னால் சீமெந்துக் கல் பதித்த ஒரு சின்ன முற்றம். டேனிஷ்காரர் அதைத் தெராஸ என்பார்கள். நீளத்துக்கு எட்டுக் கல், அகலத்துக்கு ஐந்து கல். இரண்டு கதிரை போட்டால் மூன்றாவது ஆள் நின்றுதான் கதைக்க வேண்டும். அனிற்றாவின் அறையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கான கட்டில் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். அவளுக்கு ஏழு வயதானபோது, அது நீளம் போதாது என்று கொடுத்துவிட்டு வேறு கட்டில் வாங்கினார். முதல் கட்டிலில் ஒருவரும் ஒருநாளும் படுத்ததில்லை. இரண்டாவதிலும் இல்லை.

அந்த முற்றத்துக்குத்தான் கனடாவிலிருந்து குப்பி வந்தது.

அனுப்பியவர் ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மச்சான். கண்ணாடிக் குப்பி, அடியில் சிவப்புப் பிளாஸ்ரிக்கில் நான்கு பூக்கள். ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஊசி நுழையும் அளவு ஒரு துளை. நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சீனி கரைத்து நிரப்பித் தொங்கவிட வேண்டும். எங்கள் தேன்சிட்டைப் போன்ற, அதைவிடச் சிறிய ஒரு குருவி பறந்தபடியே நின்று குடிக்குமாம். மச்சான் எழுதியிருந்தார்: கட்டி ஒரு கிழமையில வந்திட்டுது, அத்தான். பிள்ளை வந்தால் நல்லாய் விரும்புவாள்.

அவர் புறப்பட்டபோது அனிற்றாவுக்கு நான்கு வயது. மன்னாரில் வீட்டுக் கம்பியில் கூடு கட்டியிருந்த தேன்சிட்டைப் பார்க்காமல் சாப்பிட மாட்டாளாம். தகப்பன் முகம் அவளுக்கு மறந்துவிட்டதாகவும் அந்தக் கூடு மறக்கவில்லை என்றும் ஸ்டெல்லா அக்கா ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அதை எழுதாமல் விட்டிருக்கலாம். அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் அண்ணை குப்பியைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். பிள்ளை இந்த வீட்டுக்குள் நுழைகிற நாளில், அவளுக்குத் தெரிந்த ஒன்றாவது அங்கே இருக்க வேண்டும்.

கனடாவில் வருகிற குருவி டென்மார்க்கில் வருமா என்று அவர் யோசிக்கவில்லை. இதற்காக அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் நாமெல்லோரும் எங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் புறப்பட்டபோது வெளிநாடு என்பது ஒரே ஊர். கனடா அதன் வடக்குத் தெரு, டென்மார்க் அதற்கு இரண்டு தெரு தள்ளி. முகவர் கனடா என்று சொல்லி ஏற்றினார், இங்கே இறக்கினார், நாங்களும் பெரிய வித்தியாசம் பாராட்டாமல் இருந்துவிட்டோம். அங்கேயும் பனி, இங்கேயும் பனி. அங்கே வருகிற குருவி இங்கே ஏன் வராது?

முதல் கோடையில் வந்தது குளவி. இரண்டாவது வாரம் எறும்பு. அண்ணை கம்பிக்கு வாஸ்லின் பூசி எறும்பை நிறுத்தினார். மூன்று நாளுக்கு ஒருமுறை குப்பியைச் சுடுதண்ணீரில் கழுவி, புதிதாகச் சீனி கரைத்தார். சாயப் பகுதியிலிருந்து பழைய அளவுக்குவளை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து அதில் அளந்தார். பிளாஸ்ரிக் பூ வெயிலில் வெளிறியதும், தொழிற்சாலையின் நிற அட்டையை வைத்து ஒப்பிட்டு அதே சிவப்பில் வர்ணம் பூசினார். குருவிக்கு நூற்றிப் பதினெட்டுக்கும் நூற்றிப் பத்தொன்பதுக்கும் வித்தியாசம் தெரியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

குளவிகளைப் பற்றி முறையிட வந்த இங்கர் அம்மையார்தான் முதலில் உண்மையைச் சொன்னார். அந்தக் குருவிக்கு கோலிப்ரி என்று பெயர் என்றும், அது அமெரிக்காக் கண்டத்தில் மட்டும்தான் உண்டு என்றும், எழுபது வருடத்தில் தான் ஒன்றைக்கூட இங்கே கண்டதில்லை என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை பணிவோடு கேட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அவ எங்களையும் முந்தி இஞ்ச காணேல்லைத்தானே மாஸ்டர்."

இதையும் அம்மையாருக்கு மொழிபெயர்த்தேன். மறுநாள் தன் பால்கனிச் சட்டியிலிருந்து பெதூனியாக் கன்று மூன்று கொண்டுவந்து கொடுத்தார். சிவப்பு. குளவி பற்றிய முறைப்பாடு அதோடு நின்றது.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபத்தில் அண்ணையைச் சீண்டாதவர்கள் குறைவு. பிள்ளைகளே வந்து சேராத தகப்பன்மாரும் பின்வரிசையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிற இடம் அது. ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வரும் ராசன் ஒருநாள் எல்லோருக்கும் கேட்கக் கேட்டான்:

"என்ன அண்ணை, குருவிக்கு அப்பிளிகேஷன் போட்டியளோ?"

"போட்டிட்டன் தம்பி."

"என்னவாம்?"

"உன்ரை மனிசிக்குப் பின்னால வரிசையில நிக்குதாம்."

மண்டபமே சிரித்தது. ராசனும் சிரித்தான். பிறகு அவன் வெளியே போய் மழையில் நின்று சிகரெட் பிடித்தான். அண்ணை அதைக் கண்டு எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். ராசனின் மனைவியின் விண்ணப்பமும் அண்ணையுடையது போட்ட அதே மாதத்தில்தான் போடப்பட்டது.

அந்தப் பனிக்காலம் முழுவதும் அண்ணை ஒரு பிழையைத் தேடினார். பதில் வராததற்கு விண்ணப்பத்தில் ஏதோ குறை இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. பிறப்புச் சான்றிதழை மறுபடி மொழிபெயர்த்து அனுப்பினோம். திருமணப் பதிவை மறுபடி அனுப்பினோம். அனிற்றாவின் படம் பழசாகிவிட்டதால்தான் ஆளை அடையாளம் காணாமல் இருக்கிறார்கள் என்று ஊருக்கு எழுதிப் புதுப்படம் எடுப்பித்து அனுப்பினார். முன்பல் இல்லாத படம் ஒன்று, பல் முளைத்த படம் ஒன்று, இரட்டைப் பின்னலோடு ஒன்று. அரசாங்கத்தின் எந்த இழுப்பறையிலோ அந்தப் பிள்ளை ஒழுங்காக வளர்ந்துகொண்டிருந்தாள்.

ஒருமுறை விடுப்பு எடுத்து இருவரும் கொப்பன்ஹேகன் போனோம். ரயில் கப்பலில் ஏறி, கடல் கடந்து, மறுபடி தண்டவாளத்தில் இறங்கும் பயணம். கப்பல் மேல்தளத்தில் நின்று, "இவ்வளவு பெரிய ரயிலைக் கடலால கொண்டுபோறாங்கள்" என்றார் அண்ணை. குடிவரவு அலுவலகத்தில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவர். உட்காரச் சொன்னார், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார், விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்றார். நாங்கள் ஏழு மணி நேரம் பயணம் செய்து அதே வரியை மனிதக் குரலில் கேட்டுவிட்டு வந்தோம். அண்ணை அவருக்கும் நன்றி சொன்னார்.

அடுத்த வசந்தத்தில்தான் பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. அந்த வாரத்தை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் விண்ணப்பங்களில் பிழையும் இல்லை, குறையும் இல்லை. தமிழர்களுடைய குடும்ப விண்ணப்பங்களை எடுக்காமல் அப்படியே வைத்திருக்குமாறு மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டிருந்தது. சட்டப்படி உரித்தான ஒன்றை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பரிசீலனை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அண்ணையிடம் போனேன். அந்த வருடத்துக்கு முதல்முறையாகக் குப்பியைக் கட்டிக்கொண்டிருந்தார். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கதிரையில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் அவர் முகத்தில் வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நிம்மதி.

"அப்ப, என்ரை பிழை இல்லை?"

"இல்லை அண்ணை. உங்கட பேப்பர் எல்லாம் முதல் நாளே சரி."

"படம்?"

"படமும் சரி."

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அந்தத் தலையாட்டல் மெதுவாக நின்றது.

"பிழை எண்டால் திருத்தலாம் மாஸ்டர்" என்றார். "இனி நான் என்னத்தைத் திருத்துறது?"

அண்ணை எழுந்து உள்ளே போய், சீனி அளந்து, தண்ணீர் அளந்து, குப்பியை நிரப்பினார். அந்த முற்றத்தில் அளவு பார்த்துச் செய்யக்கூடியதாக அவருக்கு அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. நூலகத்தில் பறவைப் புத்தகம் பார்த்து, இங்கர் அம்மையார் சொன்னது முழுக்கச் சரி என்பதை நான் ஏற்கெனவே உறுதி செய்து வைத்திருந்தேன். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. ஒரு நாளுக்கு ஓர் உண்மை போதும் என்று எண்ணினேன். அடுத்த நாளும் அப்படியே எண்ணினேன். என் அலுமாரியிலும் ஒன்று பூட்டிக் கிடந்தது.

அந்த ஆவணி ஒரு பின்னேரம் தொலைபேசியில் அவர் கத்தினார்: "மாஸ்டர், வந்திட்டுது! சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி வாங்கோ!"

போனேன். வெயில் சாயும் நேரம். பெதூனியாப் பூவின் முன்னால், விரல் நீளத்தில் ஒன்று காற்றில் அசையாமல் நின்றது. சிறகு தெரியவில்லை, ஒரு புகைமூட்டம் மட்டும். நீண்ட குழலைப் பூவுக்குள் விட்டு உறிஞ்சியது, பின்னால் நகர்ந்தது, அடுத்த பூவுக்குப் போனது. ரீங்காரம் கேட்டது. அது குப்பியண்டை போய் ஒரு கணம் நின்றது. அப்போது அதன் தலையில் இரண்டு உணர்கொம்புகளைக் கண்டேன்.

வேலிக்கு அப்பால் இங்கர் அம்மையாரும் நின்றிருந்தார். "டூஹேல" என்று மெதுவாகச் சொன்னார். தெற்கிலிருந்து கோடையில் பறந்து வரும் ஒருவகை அந்துப்பூச்சி அது. மலைகளையும் எல்லைகளையும் யாரையும் கேளாமல் கடந்து வரும் என்று பிறகு படித்தேன். நான் அம்மையாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "யா, யா, அழகுதான்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

"வந்திட்டுதுதானே மாஸ்டர்?" என்று கேட்டார் அண்ணை.

"ஓம் அண்ணை. வந்திட்டுது."

அன்று இரண்டு விண்ணப்பங்களில் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தவர் போல அவர் எனக்கு மீன் பொரித்துச் சோறு போட்டார். மகளுக்குக் கடிதம் எழுதினார். கண்டதைக் கண்டபடி, அளவு பிசகாமல், ஒரு படமும் வரைந்து அனுப்பினார்.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிறு காலை அந்தக் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அனிற்றாவின் எழுத்து, பென்சிலில். "அப்பா, நீங்கள் கீறினதுக்கு மீசை இருக்கு. குருவிக்கு மீசை இல்லை. அது பூச்சி. பரவாயில்லை. கழட்டாதேங்கோ. நான் வந்து பாக்கிறன்."

அண்ணை சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்த நாட்டில் அவர் முழுதாகச் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். "ஏழு வயசு மாஸ்டர்! என்னைப் பிடிச்சிட்டாள்!" சிரித்து முடிந்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் அண்ணை."

"எப்ப தொடக்கம்?"

"அண்டைக்கே. அந்தக் குருவி இஞ்ச வராதெண்டு அதுக்கு முந்தியே தெரியும்."

கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். சாயம் ஏறிய விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு இந்தப் பாசை தெரியாது. ஒரு கடுதாசி வந்தால் அதில இருக்கிறது நீங்கள் சொல்லுறதுதான். நீங்களும் எனக்கு நல்லதாய்ப் பாத்துச் சொன்னால், பிறகு எனக்கு ஆர் மாஸ்டர் உள்ளதைச் சொல்லுறது? கவுண்டரில இருக்கிற பிள்ளையோ?"

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவருக்கு நான் எதையும் பூசி மெழுகிச் சொன்னதில்லை. பங்குனியில் அனுமதிக் கடிதம் வந்தபோதும் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தேன். மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தரம் முடிந்ததும், "நன்றி எண்டு எழுதுங்கோ" என்றார். எழுதினோம். குப்பியைக் கழுவி வைத்தார். அனிற்றாவுக்கு எட்டு வயது நடப்பதால் கட்டிலை ஒருமுறை அளந்து பார்த்தார். இன்னும் ஒரு வருடம் போதும் என்றார்.

பிறகு அந்தப் புதன்கிழமை.

இந்த நாட்டில் ஒருவர் இறந்தால் அதை அரசாங்கத்துக்கு ஓடிப்போய் அறிவிக்க வேண்டியதில்லை. பிறப்பையும் இறப்பையும் தேவாலய அலுவலகமே பதிகிறது. அண்ணை கத்தோலிக்கர், அது லூத்தரன் ஆலயம். பதிவேட்டுக்கு அந்த வேற்றுமை இல்லை. அங்கிருந்து கணினிக்குப் போய்விடும். உயிரோடு இருந்த ஒரு மனிதரின் விண்ணப்பத்தை இரண்டரை வருடம் எடுத்துப் பார்க்க முடியாதவர்களுக்கு, அவர் செத்துப்போனது ஆறாம் நாளே தெரிந்துவிட்டது. எங்கள் காலத்தில் குடிவரவு அலுவலகம் எழுதிய மிக விரைவான கடிதம் அது. மரியதாஸ் அண்ணையின் பெயருக்கே வந்திருந்தது. அவர் இறந்துவிட்டார் என்பதை அவருக்கு அறிவித்து, ஆகவே மனைவியும் மகளும் வந்து இணைவதற்கு இங்கே ஆள் இல்லாததால் அனுமதிக்கு அடிப்படை இல்லாமற் போய்விட்டது என்று விளக்கி, இந்த முடிவில் அவருக்கு உடன்பாடு இல்லையென்றால் குறித்த நாளுக்குள் அவர் மேன்முறையீடு செய்யலாம் என்றும் சொல்லியிருந்தது. என் வாழ்நாள் முழுவதும் அங்கதம் எழுதிப் பழகியவன் நான். இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லைக்கூட என்னால் மேம்படுத்த முடியாது.

அடக்கத்துக்கு மட்டுமாவது வரவிடுங்கள் என்று கேட்டோம். அதற்கும் இடமில்லை. அண்ணையை நாங்கள்தான் தூக்கினோம். முன்பக்கத்தில் ராசன் தோள் கொடுத்தான். சாயப் பகுதி டேனிஷ் தொழிலாளர்கள் வேலை உடுப்போடு வந்து பின்வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, மாரியுஸ் அளந்த தொட்டி ஒருநாளும் பிழையாய்ப் போனதில்லை என்றார். அங்கே பேசப்பட்ட இரங்கலுரைகளில் சிறந்தது அதுதான்.

மேன்முறையீடு எழுதியிருக்கிறேன். இறந்தவருக்குப் பதிலாக, அவருடைய மனைவியின் பெயரில். நன்றி சொல்லித்தான் தொடங்கினேன், அவர் விரும்பியபடி. இங்கர் அம்மையார் தன் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் காரணமான அந்தப் பூட்டிய அலுமாரியைப் பற்றி இனி நீதிபதியை வைத்து விசாரிக்கப் போகிறார்களாம். நல்லது. விசாரணை ஒழுங்காக நடக்கும், பத்திரங்கள் எல்லாம் தேடி எடுக்கப்படும், யார் எப்போது என்ன சொன்னார் என்பது அச்சாகும். அந்தப் புத்தகத்தில் சாயப் பகுதியில் வேலை செய்த ஒருவர் இரண்டு கட்டில் வாங்கியது இருக்காது. ஆகையால் இங்கே எழுதி வைக்கிறேன். இதை வாசிக்கிற நீங்கள், இக்காஸ்டிலோ சில்க்போர்க்கிலோ ஹொல்ஸ்டெப்ரோவிலோ அவரோடு ஒரு தேநீர் குடித்திருந்தாலும் போதும், வரும் சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்து மேன்முறையீட்டின் கீழ் உங்கள் பெயரை எழுதுங்கள்.

ஸ்டெல்லா அக்காவுக்கு இறப்புச் செய்தியைச் சொன்னது நான்தான். அதை இங்கே எழுத மாட்டேன். அனுமதி இல்லாமற்போனதைச் சொல்ல, கொட்டாஞ்சேனை வீட்டுக்காரரின் தொலைபேசிக்கு இரண்டாம் முறை எடுத்தேன். அக்கா கேட்டார், "ஓம்" என்றார், திரும்பவும் "ஓம்" என்றார், பிறகு ரிசீவரை யாரிடமோ கொடுத்துவிட்டார். மூச்சுச் சத்தம் கேட்டது.

"மாஸ்டர் மாமாவோ?"

"ஓம் பிள்ளை."

"நாங்கள் அங்க வருவமோ?"

கெதியில் வருவீர்கள் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருடமும் எத்தனையோ பேருக்குச் சொல்லித் தேய்ந்த சொல், தானாகவே வரும். விழுங்கினேன்.

"தெரியாது பிள்ளை" என்றேன். "கேட்டு எழுதியிருக்கிறன். ஓம் எண்டும் சொல்லலாம், இல்லை எண்டும் சொல்லலாம். இல்லை எண்டு சொல்லத்தான் கூடுதலாய் இடமிருக்கு."

"சரி மாமா" என்றாள். "என்ன சொன்னாலும் அப்பிடியே சொல்லுங்கோ."

மரியதாஸ் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த வேலைதான். பதில் இன்னும் வரவில்லை. வருகிற அன்றைக்கு, அது எதுவாக இருந்தாலும், எடுத்து அவளுக்கு அப்படியே வாசிப்பேன்.